மாதம் ஐம்பதாயிரம் ரூபாய்: ஓடந்துறை ஊராட்சி காற்றாலை வாங்கிய கணக்கு

ஓடந்துறை என்றதும் எல்லோரும் காற்றாலையிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்குகிறேன். 1996இல் அந்த ஊராட்சி மின்வாரியத்துக்கு மாதந்தோறும் கட்டியது ஏறக்குறைய 2,000 ரூபாய். சில ஆண்டுகளுக்குள் அது 50,000 ரூபாயைத் தொட்டது. ஊதாரித்தனத்தால் ஏறிய கட்டணம் இல்லை அது. குடிநீருக்கு மோட்டார்கள் வந்தன, தெருக்களுக்கு விளக்குகள் வந்தன. அரசுத் திட்டங்கள் ஊருக்குள் வந்து, எதற்காக வந்தனவோ அதைச் செய்தன. கட்டணம் இருபத்தைந்து மடங்கானது.

உள்ளாட்சிக்கு வரும் அரசுப் பணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்கிறோம். எவ்வளவு வந்தது? அதில் எவ்வளவு காணாமல் போனது? மூன்றாவது கேள்வி அவ்வளவு சுவையானது இல்லை என்பதால் யாரும் கேட்பதில்லை. கட்டி முடித்ததை மாதாமாதம் ஓட்டுவதற்கு யார் பணம் கொடுப்பது? ஓடந்துறையில் நடந்ததெல்லாம் இந்த மூன்றாவது கேள்விக்கான பதில்தான் என்பது என் எண்ணம். அந்தக் காற்றாலையைச் சுற்றுச்சூழல் சாதனை என்று கொண்டாடியவர்கள் தவறாகச் சொல்லவில்லை. ஆனால் அதை வாங்கவைத்தது காற்றின் மீதுள்ள காதல் இல்லை, ரசீதின் மீதுள்ள பயம்.

ஊரும் காலமும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்தது ஓடந்துறை. மேட்டுப்பாளையத்தை ஒட்டி, நீலகிரி மலையின் அடிவாரத்தில், ஊட்டி செல்லும் சாலையில் இருக்கிறது. பவானி ஆறு பக்கத்தில். வாழையும் பாக்கும் விளையும் பூமி. எல்லா ஊராட்சிகளையும்போல இதுவும் ஒரே ஊர் இல்லை. சிதறிக்கிடக்கும் பல குக்கிராமங்களின் தொகுப்பு. சாலை, குடிநீர், விளக்கு என எந்த வேலையை எடுத்தாலும் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் தனித்தனியாகச் செய்தாக வேண்டும்.

ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்த 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதன்படி 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மாநிலத்தின் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகளில் புதிதாகத் தலைவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஓடந்துறையில் வந்து உட்கார்ந்தவர் ஆர். சண்முகம். 2006 வரை இரண்டு முறை தலைவராக இருந்தார். அதன் பிறகு அவர் மனைவி லிங்கம்மாள் தலைவரானார். ஒரே வீட்டுக்குள் பதவி தொடர்ந்ததைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்; அதற்கு நல்ல முகமும் உண்டு, மறு முகமும் உண்டு.

பணம் எந்த வாசல் வழியாக வருகிறது

ஓர் ஊராட்சியின் பணத்தைப் புரிந்துகொள்ள அதன் வங்கிப் புத்தகங்களைப் பார்த்தால் போதும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளுக்குக் கணக்குகள் பிரித்தே வைக்கப்பட்டிருக்கின்றன. முதல் கணக்கு பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், உரிமக் கட்டணம் போன்ற சொந்த வருமானமும் மாநில நிதிக்குழு மானியமும் இதில் சேரும். இரண்டாவது கணக்கு மின்வாரியத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் கட்ட வேண்டியதற்கென்றே ஒதுக்கப்பட்டது. மூன்றாவது கணக்கு திட்ட நிதி. காசோலையில் தலைவர், துணைத் தலைவர் இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த இரட்டைக் கையெழுத்தால் நின்றுபோன வேலைகள் தமிழ்நாட்டில் எத்தனை என்று யாராவது எண்ணினால் சிரிக்கவும் செய்யலாம், அழவும் செய்யலாம்.

மின்கட்டணத்துக்கென்று தனிக் கணக்கு வைக்க வேண்டிய நிலை வந்ததே ஒரு செய்தி. அந்தச் செலவு ஊராட்சியின் மற்ற எல்லாச் செலவையும் விழுங்கிவிடக்கூடியது என்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது. வாரியத்துக்குப் போக வேண்டியதை முதலிலேயே ஒதுக்கிவிடாவிட்டால் அது போய்ச் சேராது என்பதும் தெரிந்திருக்கிறது.

திட்ட நிதியின் குணம் வேறு. அது பெயரோடு வரும், அளவோடு வரும், கெடு தேதியோடு வரும். 2006இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு ஊராட்சிக்கும் 20 லட்சம் ரூபாய் என்று வைத்தார்கள். நூலகம், விளையாட்டு மையம், குளம், மயானம், சாலை என்று பட்டியலும் இருந்தது. மூன்று குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் முப்பது குக்கிராமம் உள்ள ஊராட்சிக்கும் அதே 20 லட்சம். இந்தக் கோளாறை ஒப்புக்கொண்டுதான் 2011இல் வந்த ‘தாய்’ திட்டம் குக்கிராமத்தை அலகாக எடுத்துக்கொண்டது. ஆனால் அந்த நூலகங்களுக்கு என்ன ஆனது? கட்டடம் இருக்கிறது. சுவரில் திட்டத்தின் பெயரும் மதிப்பீட்டுத் தொகையும் எழுதிய பலகை இருக்கிறது. பல ஊர்களில் கதவில் பூட்டும் இருக்கிறது. திறந்து வைக்கவும் பத்திரிகை வாங்கவும் ஆளுக்கும் பணத்துக்கும் வழி மெலிந்துபோனதால் வந்த பூட்டு அது. திட்டம் கட்டடத்தைக் கொடுத்தது. அதை நடத்தும் செலவை ஊர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டது.

பின்னாளிலும் நிலை பெரிதாக மாறவில்லை. மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்குக் கொடுத்த மானியத்தில் 60 விழுக்காடு கட்டுண்ட நிதி. பாதி குடிநீருக்கும் பாதி சுகாதாரத்துக்கும் என்று முன்பே எழுதி வைக்கப்பட்டது. ஊராட்சி தன் விருப்பப்படி செலவிட மீதமிருந்தது 40 விழுக்காடு. தேவையறிந்து வைத்த கட்டுப்பாடுதான். குடிநீரை விட்டுவிட்டு நுழைவாயில் வளைவு கட்டும் ஊராட்சிகளை நாம் பார்க்காமலில்லை.

குடிநீர் வந்தது, கட்டணமும் வந்தது

1999இல் மத்திய அரசு ஊரகக் குடிநீரில் ஒரு சீர்திருத்தத்தைச் சோதனை முறையில் சில மாவட்டங்களில் கொண்டுவந்தது. கட்டுமானச் செலவில் 10 விழுக்காட்டைப் பயன்படுத்தும் மக்களே தர வேண்டும். அதன் பிறகு இயக்கும் செலவும் பராமரிப்புச் செலவும் முழுவதும் ஊரின் பொறுப்பு. காகிதத்தில் இது நியாயமாகத்தான் படும். பணம் போட்டவர்கள் குழாயைப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கணக்கு.

ஓடந்துறை அந்தக் காலகட்டத்தில்தான் குடிநீர் ஏற்பாட்டை விரிவாக்கியது. மேல்நிலைத் தொட்டிகளுக்கு நீரேற்ற வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு மோட்டார், மோட்டாருக்கு ஓர் இணைப்பு, இணைப்புக்கு ஓர் அளவி, அளவிக்கு ஒரு ரசீது. குக்கிராமங்கள் சிதறிக்கிடப்பதால் இந்தச் சங்கிலி அத்தனை முறை திரும்பவும் நீளும். தொட்டி இயக்குபவருக்குச் சம்பளம், மோட்டார் சுருள் எரிந்தால் அதைச் சுற்றக் கூலி, வால்வு பழுது எல்லாம் தனி. இவற்றில் பெரியது மின்சாரம். 50,000 ரூபாய் என்பது ஆண்டுக்கு 6 லட்சம். அந்தக் காலத்தில் ஒரு நடுத்தர ஊராட்சி ஓராண்டில் திரட்டும் வீட்டு வரியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே முடியாது.

இந்த இடத்துக்கு வந்த ஊராட்சி என்ன செய்யும் என்பது கிராம சபையில் உட்கார்ந்து பழகியவர்களுக்குத் தெரியும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விடும். மின்வாரியத்துக்குப் பாக்கி வைக்கும். பாக்கி ஏறியதும் மானியத்தில் பிடித்துக்கொள்வார்கள். மானியம் குறைந்ததும் தெருவிளக்கு மாற்றக் காசிருக்காது. இதற்கெல்லாம் எந்த விதியையும் மீற வேண்டியதில்லை. ஒவ்வொரு படியும் ஒழுங்காகத் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்.

முதலில் சின்னதாக

சண்முகத்தின் ஊராட்சி நேரடியாகக் காற்றாலைக்குத் தாவிவிடவில்லை. அதற்கு முன் சில சிறிய முயற்சிகளைச் செய்து பார்த்தது. ஆய்வுக்கு அவையும் முக்கியம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் பார்வையிட வந்தவர்கள் புகைப்படம் எடுத்தது காற்றாலையை. ஊராட்சி பாடம் படித்தது அதற்கு முந்தைய இயந்திரங்களிடம்.

சில குக்கிராமங்களில் தெருவிளக்குகளைச் சூரிய ஒளிக்கு மாற்றினார்கள். குடிநீர் மோட்டாரை ஓட்ட 9 கிலோவாட் திறனுள்ள மரக்கழிவு எரிவாயு இயந்திரம் ஒன்றை வைத்தார்கள். மரத்துண்டுகளைக் காற்றோட்டம் குறைவாக வைத்து எரித்து, அதில் வரும் வாயுவை எஞ்சினுக்குள் செலுத்தி மின்சாரம் எடுக்கும் முறை. மரம் அறுக்கும் பட்டறைகள் இருக்கும் பகுதியில் மரத்துண்டு கிடைப்பது எளிது. அதனால் நீரேற்றும் செலவு கணிசமாகக் குறைந்தது.

இந்த வகை இயந்திரத்தின் பலவீனம் இரண்டு. ஒன்று, வாயுவைச் சுத்தம் செய்து, தாரைத் துடைத்து, சாம்பலை எடுத்து, தினமும் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இரண்டாவது, கழிவு என்று இருக்கும்வரைதான் மரத்துண்டு மலிவு. அதற்கு வாங்குபவர் வந்துவிட்டால் அது சரக்கு, விலை ஏறும். நாடெங்கும் நல்லெண்ணத்தோடு வைத்த இத்தகைய இயந்திரங்கள் பல இந்த இரண்டில் ஒன்றால் துருப்பிடித்துப்போயின. மேலும் 9 கிலோவாட் என்பது ஒரு மோட்டாருக்குப் போதும். ஊராட்சியின் மொத்த ரசீதுக்கும் அது ஈடாகாது. பெரிதாக ஒன்று வேண்டும். தினமும் எரிபொருள் போட வேண்டாத ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒன்றரைக் கோடிக்கு ஓர் இயந்திரம்

2006இல் ஊராட்சி 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி 1.15 கோடி வங்கிக் கடன். காற்றாலை ஓடந்துறையில் இல்லை. உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில் இருக்கிறது. அப்போது அது கோவை மாவட்டம். 2009இல் திருப்பூர் மாவட்டம் பிரிந்தபோது அங்கே போய்விட்டது. ஆக, மேட்டுப்பாளையத்துப் பக்கத்து ஊராட்சிக்கு அடுத்த மாவட்டத்தில் ஒரு சொத்து.

ஏன் அங்கே? பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த ஓர் இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு உள்ளே வரும். உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் அதனால்தான் காற்றாலைகள் தோப்புபோல நிற்கின்றன. அவற்றில் பல நூற்பாலைகளுக்கும் பின்னலாடை முதலாளிகளுக்கும் சொந்தம். மின்கட்டணம்தான் நூற்பாலையின் உயிர்நாடி என்பதால் 1990களிலிருந்தே கோவை வட்டாரத்தில் காற்றாலை வாங்குவது சாதாரண வணிகப் பேச்சு. வங்கி மேலாளருக்கு அந்தக் கடன் புதிதில்லை, விற்பனையாளருக்கும் வாங்குபவருக்கும் அதன் கணக்குகள் மனப்பாடம். தமிழ்நாட்டின் வேறொரு மூலையில், இதே துணிச்சலுள்ள ஒரு தலைவர் இதே யோசனையோடு வங்கிக்குள் நுழைந்திருந்தால், அவரை உட்காரச் சொல்லி மோர் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். ஊராட்சியின் சாதனையைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. ஒரு யோசனை எந்த மண்ணில் முளைக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும்.

நூற்பாலை முதலாளிக்கும் ஊராட்சிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அந்தக் காலத்தில் காற்றாலை வாங்கிய தொழில் நிறுவனங்கள் முதல் ஆண்டிலேயே விலையில் 80 விழுக்காட்டைத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. பல காற்றாலைகள் காற்றுக்காக நட்டவை இல்லை, வரிக் கணக்கு முடிக்கும் மார்ச் மாதத்துக்காக நட்டவை என்று கோவையில் கேலி பேசுவதற்கு இடமிருந்தது. ஊராட்சியோ வருமான வரியே கட்டாத அமைப்பு. அதற்கு இந்தச் சலுகையால் ஒரு காசு பயனில்லை. மின்சாரத்தை விற்று வரும் பணத்தை மட்டுமே நம்பி அந்த இயந்திரம் கடனை அடைத்தாக வேண்டும்.

இன்னொன்று, 40 லட்சம். என்னைக் கேட்டால் இந்த நிகழ்வின் நடுநாயகம் அதுதான். திட்ட நிதியில் மிச்சம் பிடித்து அப்படி ஒரு தொகையைச் சேர்க்க முடியாது. மிஞ்சினால் திருப்பிக் கட்ட வேண்டும், அல்லது அந்தத் திட்டத்துக்குள்ளேயே வேறு வேலை எடுக்க வேண்டும். சேமிப்பு வர வேண்டுமானால் அது சொந்த வருமானத்திலிருந்தும், நிபந்தனையில்லாத மானியத்திலிருந்தும்தான் வர வேண்டும். ஐந்து ஆண்டுகள் அந்தப் பணத்தைத் தொடாமல் இருக்க வேண்டும். தேர்தலை எதிர்நோக்கும் ஒரு தலைவர், கையில் காசு இருந்தும் “சாக்கடை கட்டித் தருகிறேன்” என்று வார்டு உறுப்பினரிடம் சொல்லாமல் ஐந்து ஆண்டுகள் பொறுத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதை அரசியல் தெரிந்தவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

பத்தொன்பது லட்சம் என்ற எண்

ஓடந்துறை பற்றிய செய்திகளில் சில எண்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகலாகிக்கொண்டே போகின்றன. காற்றாலை ஆண்டுக்கு 6.75 லட்சம் யூனிட் தருகிறது. ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட். மிச்சத்தை, அதாவது இரண்டு லட்சத்துச் சொச்சம் யூனிட்டை, மின்வாரியத்துக்கு விற்று ஆண்டுக்கு 19 லட்சம் ரூபாய் லாபம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பென்சிலை எடுத்துப் பார்ப்போம்.

முதல் எண் நம்பத்தக்கது. 350 கிலோவாட் இயந்திரம் ஓராண்டு முழுவதும் இடைவிடாமல் முழுத் திறனில் ஓடினால் 30.66 லட்சம் யூனிட் வரும். 6.75 லட்சம் என்பது அதில் 22 விழுக்காடு. கணவாய்க் காற்றுக்கு இது இயல்பான விளைச்சல்.

கடைசி எண்தான் இடிக்கிறது. 2.25 லட்சம் யூனிட்டை விற்று 19 லட்சம் வர வேண்டுமானால் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கிடைத்திருக்க வேண்டும். காற்றாலை மின்சாரத்தை யாரும் அந்த விலைக்கு வாங்கவில்லை. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2006 மே மாத ஆணையில் புதிய காற்றாலைகளுக்கு நிர்ணயித்த விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 90 காசு. அந்த விலையில் 6.75 லட்சம் யூனிட் முழுவதையும் விற்றால் 19.57 லட்சம் ரூபாய். இதோ அந்தப் பத்தொன்பது லட்சம். அது மிச்சத்தின் விலை இல்லை. காற்றாலையின் மொத்த விளைச்சலின் விலை. லாபமும் இல்லை, மொத்த வரவு.

4.5 லட்சம் யூனிட் என்ற எண்ணும் சற்று உறுத்துகிறது. அது மாதத்துக்கு 37,500 யூனிட். மாதக் கட்டணம் 50,000 ரூபாய் என்றால் யூனிட்டுக்கு 1 ரூபாய் 33 காசு ஆகிறது. இரண்டும் ஒரே காலத்தின், ஒரே எல்லைக்குள் எடுத்த கணக்காக இருக்க முடியாது.

சரி, இதனால் ஓடந்துறையின் மதிப்பு குறைகிறதா? எனக்கு நேர்மாறாகப் படுகிறது. கணக்கைச் சரியாகப் போட்டால்தான் அந்த ஊராட்சி எடுத்த சுமை தெரிகிறது. வரவு ஆண்டுக்கு 19.57 லட்சம். அதிலிருந்து பழைய மின்கட்டணமான 6 லட்சத்தைக் கட்டிவிட்டால் மீதி பதின்மூன்றரை லட்சம். 1.15 கோடிக் கடனில் அசல் மட்டும் தீரவே எட்டரை ஆண்டு. வட்டி தனி, பராமரிப்பு தனி. ஆகவே கடன் ஓடிய ஆண்டுகளில் ‘இலவச மின்சாரம்’ என்று எதுவும் இருந்திருக்க வழியில்லை. மின்கட்டணத்தை முன்போலவே பொது நிதியிலிருந்தும் மானியத்திலிருந்தும் கட்டிக்கொண்டு, காற்று கொண்டுவந்ததை வங்கிக்குக் கொடுத்தால்தான் அந்தக் கடனை நியாயமான காலத்தில் முடிக்க முடியும். கடன் முடிந்தது. ஆக, பத்துப் பக்கச் செய்திகளில் இல்லாத உண்மை இது: வாங்கிய பிறகும் சில ஆண்டுகள் ஓடந்துறை வயிற்றைக் கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

வேறொன்றும் உண்டு. 2010களின் தொடக்கத்தில் மின்வாரியம் காற்றாலை உரிமையாளர்களுக்குத் தர வேண்டிய பணத்தைப் பல மாதங்கள் நிலுவையில் வைத்தது. காற்று நன்றாக அடிக்கும் பருவத்தில் மின்தடப் பற்றாக்குறையால் காற்றாலைகளை நிறுத்தச் சொன்னதும் உண்டு. தனியார் நிறுவனம் என்றால் வழக்குப் போடும், சங்கம் வைத்துக் குரல் கொடுக்கும். ஓர் ஊராட்சி இந்தத் தொழிலில் இறங்கினால், ஒரே வாரியத்துக்கு ஒரு கையால் கட்டணம் கட்டவும் வேண்டும், மறு கையால் அதனிடமே பாக்கியைக் கேட்டு நிற்கவும் வேண்டும். காற்றாலை வாங்கப் பரிந்துரைக்கும் கட்டுரைகளில் இந்தப் பகுதியை நான் பார்த்ததில்லை.

வீடுகள்

ஓடந்துறைக்கு இன்னொரு நற்பெயர் வீடுகளால் வந்தது. ஏறத்தாழ 850 வீடுகள் அரசின் வீட்டுத் திட்டங்களில் கட்டப்பட்டன என்பது அந்த ஊரைப் பற்றிச் சொல்லப்படும் எண். 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய மின்சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய். அதில் 30,000 சூரிய விளக்குகளுக்கு. பரப்பு 300 சதுர அடி. இது முழுக்க முழுக்கத் திட்ட நிதி. ஊராட்சியின் திறமை இங்கே வேறு விதமானது: இடம் இருக்க வேண்டும், பயனாளிப் பட்டியல் சண்டையில்லாமல் கிராம சபையில் நிறைவேற வேண்டும், கட்டி முடித்த வீட்டுக்கு வரி விதிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பெரும்பாலான ஊராட்சிகளில் நழுவிவிடும். இலவச வீடுதானே என்று வரியை விட்டுவிடுவார்கள். குழாய், விளக்கு, குப்பை எல்லாம் அந்த வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது அடுத்த ஆண்டில்தான் நினைவுக்கு வரும்.

மதிப்பீட்டை மீறினால்

ஓடந்துறையை மட்டும் பார்த்தால் நல்ல தலைவர் இருந்தால் போதும் என்று தோன்றிவிடும். அதே 1996 தேர்தலில் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் தலைவரானவர் இளங்கோ. பொறியியல் படித்து அறிவியல் ஆய்வு நிறுவன வேலையை விட்டு ஊருக்குத் திரும்பியவர். வடிகால் கட்டும் வேலையில், தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டிய கல்லுக்குப் பதிலாக, பக்கத்துப் பட்டறைகளில் கழிவாகக் கிடந்த பாலிஷ் கல் துண்டுகளை எடுத்துப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, வடிகாலும் உறுதியாக வந்தது. மதிப்பீட்டில் சொன்ன பொருள் அது இல்லை என்பதால் அவர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். பின்னர் ஊர் மக்கள் கிராம சபையில் அவர் பக்கம் நின்றார்கள், அவர் பதவிக்குத் திரும்பினார்.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிகிறது. திட்ட நிதியைச் செலவிடும் முறை, மதிப்பீட்டில் எழுதியபடி செலவு செய்தவரைத்தான் நல்லவர் என்று கணக்கு வைக்கிறது. ஒன்றியப் பொறியாளர் போட்ட மதிப்பீடு, அளவுப் புத்தகத்தில் ஏறிய அளவு, இரண்டும் பொருந்தினால் தணிக்கை முடிந்தது. ஒரு லட்சம் மிச்சம் பிடித்தவருக்கு அங்கே பத்தி கிடையாது. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆவது பிரிவு தலைவரை நீக்கும் அதிகாரத்தை மாவட்ட ஆட்சியர் கையில் வைத்திருக்கிறது. அதை நினைத்துக்கொண்டே வேலை செய்கிற தலைவர் சோதனை முயற்சி எதற்கும் போகமாட்டார். முறைகேட்டைத் தடுக்க இந்தக் கட்டுப்பாடுகள் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சண்முகம் துணிந்து ஒன்றரைக் கோடிக்கு இயந்திரம் வாங்கியது பொது நிதியையும் கடனையும் கொண்டு. திட்ட நிதிக்குள் அந்த யோசனை நுழைந்திருந்தால் மதிப்பீட்டு நிலையிலேயே கோப்பு தூங்கியிருக்கும்.

ஏன் இன்னொன்று வரவில்லை

உலக வங்கி வல்லுநர்கள் உட்பட வெளிநாட்டினர் பலர் ஓடந்துறைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிற மாநில ஊராட்சித் தலைவர்கள் பேருந்து பேருந்தாக வந்தார்கள். விருதுகள் வந்தன. ஆனாலும் பன்னிரண்டாயிரம் ஊராட்சிகள் பன்னிரண்டாயிரம் காற்றாலை வாங்கவில்லை. வாங்கியிருக்கவும் முடியாது.

சேமிப்பு இல்லை என்பது முதல் காரணம். ஊராட்சி கடன் வாங்க அரசின் ஒப்புதல் வேண்டும்; திருப்பிக் கட்டும் வருமானத்தைக் காட்ட வேண்டும். ஐந்தாண்டுப் பதவியில் முதல் இரண்டு ஆண்டு கற்றுக்கொள்ளவும் கடைசி ஆண்டு தேர்தலுக்கும் போய்விடும். பத்தாண்டுக் கடனை எடுக்கும் தலைவர் அதை அடுத்து வரும் இன்னொருவர் தலையில் கட்டுகிறார். ஓடந்துறையில் அடுத்து வந்தவர் அதே வீட்டுக்காரர் என்பதால் கடன் தவணையும் அதன் நோக்கமும் கைமாறாமல் தொடர்ந்தன. இதைத்தான் நல்ல முகம் என்று சொன்னேன். மறு முகம்: ஒரு வீட்டின் ஒழுங்கை நம்பி நிற்கும் ஏற்பாட்டை ஊராட்சியின் ஏற்பாடு என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்த வீடு விலகிய பிறகும் கணக்கு அதே கறாரோடு நடக்கும்படி எந்த விதியும் இதற்காக எழுதப்படவில்லை.

2016இல் பதவிக்காலம் முடிந்து 2019 டிசம்பர் வரை தமிழ்நாட்டில் ஊராட்சித் தேர்தலே நடக்காமல், அரசு நியமித்த தனி அலுவலர்கள் பொறுப்பில் ஓடியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இல்லை என்பதால் மத்திய நிதிக்குழு மானியம் அப்போது நிறுத்தி வைக்கப்பட்டது. மோட்டாருக்கு அது தெரியாது. அது தினமும் காலையில் ஓடியாக வேண்டும். 2019இல் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டமும் வந்தது. வீட்டுக்கு வீடு குழாய். நல்ல திட்டம். மீண்டும் புதிய தொட்டிகள், புதிய மோட்டார்கள், புதிய இணைப்புகள். 1999இல் ஓடந்துறை சந்தித்த அதே ரசீதை இப்போது மாநிலம் முழுவதும் ஊராட்சிச் செயலர்கள் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இயந்திரத்தின் வயது

ஒரு காற்றாலையை வடிவமைக்கும்போது அதற்குக் கொடுக்கும் ஆயுள் இருபது ஆண்டு. கவனமாகப் பார்த்துக்கொண்டால் இருபத்தைந்து. 2006இல் நட்டது 2026இல் இருபதைத் தொடுகிறது. 1.55 கோடியை இருபது ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 7.75 லட்சம். அடுத்த இயந்திரத்துக்காக ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கி வைத்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தொகை இது. விலைவாசி ஏறியதைச் சேர்க்கவே இல்லை. கடன் தீர்ந்த பிறகு வந்த வரவு அத்தனையும் வருமானம்போலத் தோன்றும். அதில் ஒரு பங்கு தேய்மானம். ஊராட்சிக் கணக்கில் தேய்மான நிதி என்று ஒரு தலைப்பு வழக்கத்தில் இல்லை. வந்த பணம் அந்த ஆண்டின் பணம், அவ்வளவுதான்.

பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கும் மாற்றுவதற்கும் ஆயுளை நீட்டிப்பதற்கும் தமிழ்நாடு அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. இருபது வயதைத் தொடும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் முடிவெடுத்தாக வேண்டும் என்பது அதன் சாரம். மைவாடியில் நிற்கும் அந்த இயந்திரத்தைப் பற்றி முடிவெடுக்க வேண்டியது ஓடந்துறை ஊராட்சி மன்றம். கோவை உள்ளிட்ட பெரும்பாலான மாவட்டங்களில் மன்றங்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதன் பிறகு காசோலைப் புத்தகம் மறுபடியும் தனி அலுவலர் மேசைக்குப் போனது.